விருந்தும் மருந்தும் மூன்று நாள்தானா?

"விருந்தும் மருந்தும் மூன்று நாள்" என்று நம் வீடுகளில் சொல்வது வழக்கம். விருந்தைப் பொறுத்தவரை அது ரொம்பச் சரி. மூன்று நாளைக்கு மேல் தங்கும் விருந்தாளிக்குக் காபியின் திக்னஸ் குறைந்துகொண்டே போகும் என்பது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். ஆனால் மருந்து விஷயத்தில், அதுவும் குழந்தைகளுக்குக் கொடுக்கிற ஆன்டிபயாடிக் மருந்து விஷயத்தில், இந்தப் பழமொழியை அப்படியே எடுத்துக்கொண்டால் ஆபத்து. ஏனென்றால் பல குழந்தைகளுக்கு இரண்டாம் நாள், மூன்றாம் நாள்தான் வயிறு கெட ஆரம்பிக்கிறது. ஜுரமும் அதே சமயத்தில்தான் இறங்குகிறது. "ஜுரம் விட்டுப் போச்சு, வயிறுதான் போகுது, மருந்தை நிறுத்திடலாமே" என்று யாருக்குத்தான் தோன்றாது?

எங்கள் வீட்டிலும் அந்தப் பேச்சு எழுந்தது. 2023 நவம்பரில் என் மகள் தன் குழந்தையோடு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். பேத்திக்கு அப்போது இரண்டரை வயது. மழைக்காலத்துச் சளி காதில் இறங்கி, ராத்திரி முழுக்கக் காதைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எங்கள் டாக்டரம்மா காதுக்குள் விளக்கு வைத்துப் பார்த்துவிட்டு, "நடுக்காதுல சீழ் கட்டியிருக்கு. 7 நாளைக்கு மருந்து எழுதறேன்" என்று சொன்னார். அமாக்ஸிசிலினும் கிளாவுலானிக் அமிலமும் சேர்ந்த சிரப். காலை ஒரு வேளை, ராத்திரி ஒரு வேளை.

இரண்டாம் நாளே காது வலி குறைந்துவிட்டது. மூன்றாம் நாள் காலையிலிருந்து பேதி. மத்தியானத்துக்குள் ஐந்து தடவை. தண்ணீராக, மஞ்சளாக, புளித்த வாடையோடு. அதே நேரத்தில் கோயம்புத்தூரிலிருந்து சம்பந்தியம்மா போன் பண்ணினார்.

"ஏனுங்க சம்பந்தி, கொழந்தைக்கு வயிறு போகுதாமே? அந்த மருந்தை நிறுத்திப் போடுங்க. விருந்தும் மருந்தும் மூணு நாளைக்குத்தானுங்க. தயிர்கியிர் குடுத்துறாதீங்க, சளி கூடிப்போயிரும்."

பக்கத்து வீட்டு அக்கா நேர் எதிராகச் சொன்னார். "மருந்து சூடு. ரெண்டு வேளை கெட்டித் தயிரா ஊட்டு. எல்லாம் தானா நின்னுரும். வேற ஒண்ணும் வேணாம்."

மகள் நடுவில் நின்று என் முகத்தையும் பாட்டிலையும் மாறி மாறிப் பார்த்தாள். பெரியவர்கள் சொல்வதில் அன்பு இருக்கிறது. அனுபவமும் இருக்கிறது. ஆனால் ஒருவர் நிறுத்து என்கிறார், ஒருவர் தயிர் போதும் என்கிறார், டாக்டர் 7 நாள் என்கிறார். குழந்தையோ சுருண்டு படுத்திருக்கிறாள். அன்று சாயங்காலமே மறுபடி டாக்டரம்மாவிடம் போனோம். அவர் பொறுமையாகச் சொன்னதையும், பின்னால் பார்மசி படிக்கிற என் தம்பி மகள் தேடிப் படித்துச் சொன்னதையும்தான் இங்கே எழுதுகிறேன். இளம் தாய்மார்களுக்கு உபயோகமாக இருக்கும்.

முதலில், வயிறு ஏன் கெடுகிறது?

மாவு புளிப்பதும் பால் தயிராவதும் கண்ணுக்குத் தெரியாத கிருமிகளால்தான் என்பது நமக்குத் தெரியும். அதே மாதிரி நம் குடலிலும் கோடிக்கணக்கான கிருமிகள் குடியிருக்கின்றன. அவை நோய்க் கிருமிகள் அல்ல. நாம் சாப்பிட்டதில் ஜீரணமாகாமல் மிஞ்சும் நாரையும் மாவுச் சத்தையும் அவை புளிக்க வைத்துப் பக்குவப்படுத்துகின்றன. அதில் உண்டாகிற சில அமிலங்கள்தான் பெருங்குடல் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ள உதவுகின்றன. கெட்ட கிருமிகள் வந்து இடம் பிடிக்காமல் காவலும் காக்கின்றன.

1928-ல் அலெக்ஸாண்டர் பிளெமிங் பென்சிலினைக் கண்டுபிடித்ததிலிருந்து ஆன்டிபயாடிக் மருந்துகள் எத்தனையோ குழந்தைகளைப் பிழைக்க வைத்திருக்கின்றன. ஆனால் அந்த மருந்துக்குக் காதில் இருக்கும் கிருமி எது, குடலில் இருக்கும் கிருமி எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. வாய் வழியாகப் போகிற மருந்து, வழியில் குடலில் இருக்கிற நல்லவற்றையும் அழித்துக்கொண்டுதான் போகும். அப்போது ஜீரணமாகாத மாவும் சர்க்கரையும் அப்படியே தங்கி, தண்ணீரை இழுத்துக்கொள்கின்றன. அதுதான் பேதியாக வெளியே வருகிறது. "மருந்து சூடு" என்று நாம் சொல்வது இதைத்தான். எல்லா ஆன்டிபயாடிக்கும் ஒரே மாதிரி வயிற்றைக் கெடுப்பதில்லை. கிளாவுலானிக் அமிலம் சேர்ந்த மருந்தில் இந்த உபாதை கொஞ்சம் கூடுதல்.

"அப்போ நிறுத்திடலாமா டாக்டர்?" என்று மகள் கேட்டாள்.

"காது சரியாகலைன்னா என்ன பண்ணுவே? வலி போனா கிருமி போச்சுன்னு அர்த்தம் இல்லைம்மா. பேதி ரொம்ப அதிகமானா மருந்தை மாத்தறதா, நிறுத்தறதான்னு நான் சொல்றேன். நீங்களா நிறுத்தாதீங்க" என்றார் அவர்.

எத்தனை நாள் மருந்து என்பது நோய்க்கு நோய், வயதுக்கு வயது மாறும். சில நோய்களுக்கு ஐந்து நாளே போதும் என்று டாக்டர்களே இப்போது குறைத்துத் தருகிறார்கள். குறைப்பதும் கூட்டுவதும் அவர்கள் கணக்கு. நாம் பழமொழியை வைத்துக் கணக்குப் போடக்கூடாது என்பதுதான் விஷயம்.

அடுத்து அவர் எழுதிக் கொடுத்தது இரண்டு. ஒன்று, உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட். இன்னொன்று, புரோபயாடிக் பொடி.

பாக்கெட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பேதியில் குழந்தையை எடுத்துக்கொண்டு போவது பேதி அல்ல, உடம்பில் தண்ணீர் வற்றிப் போவதுதான். ஓ.ஆர்.எஸ். என்று கடையில் கேட்கிறோமே, அந்தக் கரைசலின் மகிமையை உலகம் கண்டது நம் தேசத்தில்தான். 1971-ல் வங்கதேச யுத்தத்தின்போது மேற்கு வங்காளத்தில் பன்காவ் என்ற ஊரின் அகதி முகாமில் காலரா பரவியது. ஊசி வழியாக ஏற்றுகிற குளூக்கோஸ் பாட்டில்கள் தீர்ந்து போயின. டாக்டர் திலீப் மகலானபிஸ் என்பவர் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தே ஆயிரக்கணக்கானவர்களைக் காப்பாற்றினார். இன்று நாம் வாங்கும் பாக்கெட்டில் உள்ள அளவு, உலக சுகாதார நிறுவனம் 2002-ல் திருத்திக் கொடுத்தது.

இதில் கவனிக்க வேண்டியது அளவு. ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கொட்டிக் கலக்கிக் கொடுப்பதும், பாதிப் பொடியை நிதானமாகக் கொட்டி மீதியை மடித்து வைப்பதும் பலர் செய்வதுதான். கூடாது. 200 மில்லிக்கான சின்னப் பாக்கெட்டும் கிடைக்கிறது. எது வாங்கினாலும் உறையில் எழுதியிருக்கிற அளவு தண்ணீரை அளந்து, காய்ச்சி ஆற வைத்து, முழுப் பாக்கெட்டையும் ஒரே தடவையில் கலந்துவிட வேண்டும். 24 மணி நேரத்துக்கு மேல் வைத்துக் கொடுக்கக்கூடாது. ஒவ்வொரு தடவை பேதியான பிறகும், இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி, அதற்கு மேற்பட்ட வயதுக் குழந்தைக்கு 100 முதல் 200 மில்லி. மடக்கு மடக்காக ஊற்றாமல் ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுக்க வேண்டும். வாந்தி எடுத்துவிட்டால் பத்து நிமிஷம் விட்டு, இன்னும் நிதானமாக மறுபடி ஆரம்பிக்க வேண்டும்.

கடையில் கலர் கலராக அட்டை டப்பாவில் வருகிற இனிப்புப் பானங்களை இதற்குப் பதிலாக வாங்காதீர்கள். அவற்றில் சர்க்கரை அதிகம். அதிகச் சர்க்கரை பேதியை இன்னும் கூட்டும். அந்த அளவுக்குப் பொருந்தாத பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று 2025 அக்டோபரில் நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையமே உத்தரவு போட்டிருக்கிறது.

இப்போது அந்தப் பொடிக்கு வருகிறேன். "புரோபயாடிக்னா என்ன டாக்டர்? இன்னொரு ஆன்டிபயாடிக்கா?" என்று நான் கேட்டேன். பெயர் இரண்டும் அக்கா தங்கை மாதிரி இருக்கிறதே!

அவர் சிரித்துக்கொண்டே, "ஆன்டின்னா எதிர், புரோன்னா ஆதரவு. அது கொல்ற மருந்து, இது உள்ளே அனுப்பற உயிர்" என்றார்.

உலக சுகாதார நிறுவனமும் உலக உணவு வேளாண்மை அமைப்பும் சேர்ந்து 2001-ல் இதற்கு ஒரு இலக்கணம் சொல்லியிருக்கின்றன. உயிருள்ள நுண்ணுயிராக இருக்க வேண்டும். போதிய அளவில் கொடுக்கப்பட வேண்டும். உடம்புக்கு நன்மை செய்ய வேண்டும். இந்த மூன்றில் நடுவே இருக்கிற "போதிய அளவு" என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டு அக்காவின் தயிர்க் கேள்விக்குப் பதில் அதில்தான் இருக்கிறது.

புளித்த பாலுக்கும் ஆரோக்கியத்துக்கும் சம்பந்தம் உண்டு என்று விஞ்ஞானிகள் நூறு வருஷத்துக்கு முன்பே பேச ஆரம்பித்துவிட்டார்கள். 1908-ல் நோபல் பரிசு வாங்கிய மெட்ச்னிகாஃப் என்ற ரஷ்ய விஞ்ஞானி, தயிர் மாதிரியான புளித்த பாலை ரொம்பவும் சிபாரிசு செய்தவர். நம் பாட்டிகளுக்கு நோபல் பரிசு யாரும் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்! ஆனால் வீட்டுத் தயிரில் எந்தக் கிருமி எவ்வளவு இருக்கிறது என்பது உறைக்கு உறை, வீட்டுக்கு வீடு, வெயிலுக்கும் குளிருக்கும் மாறிக்கொண்டே இருக்கும். வயிற்று அமிலத்தைத் தாண்டிக் குடலுக்கு எவ்வளவு உயிரோடு போய்ச் சேரும் என்பதும் நிச்சயமில்லை. மருந்துக் கடையில் வருகிற பொடியில் ஒரு குறிப்பிட்ட வகையை எடுத்து, எண்ணி, அடைத்திருக்கிறார்கள். அந்த வகைகளைத்தான் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பரிசோதித்திருக்கிறார்கள்.

அப்படிப் பரிசோதித்ததில் நல்ல பெயர் எடுத்தவை இரண்டு. ஒன்று லாக்டோபேசிலஸ் ரம்னோசஸ் ஜி.ஜி. என்ற பாக்டீரியா. 1983-ல் கோர்பாக், கோல்டின் என்ற இரண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் ஆரோக்கியமான ஒரு மனிதரின் குடலிலிருந்து பிரித்தெடுத்தது. பெயரின் கடைசியில் இருக்கும் இரண்டு ஜி-யும் அவர்கள் பெயரின் முதல் எழுத்துக்கள். இன்னொன்று சாக்கரோமைசிஸ் பௌலார்டி. இது பாக்டீரியா அல்ல, ஈஸ்ட். 1920-களில் பௌலார்ட் என்ற பிரெஞ்சுக்காரர் இந்தோசீனாவில் காலரா பரவிய சமயம், அங்குள்ள ஜனங்கள் லிச்சி, மங்குஸ்தான் பழத்தோல்களை உபயோகித்து வயிற்றைச் சரி செய்துகொள்வதைப் பார்த்து, அந்தப் பழங்களிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். குற்றால சீசனில் கூறு கட்டி விற்கிறார்களே, அதே மங்குஸ்தான்தான்! அந்த ஊர்க் கைவைத்தியத்திலிருந்து இன்றைக்கு மருந்துக் கடைப் பொடி வந்திருக்கிறது.

ஐரோப்பியக் குழந்தைகள் வயிறு குடல் நிபுணர்கள் 2016-ல் சிபாரிசு செய்ததும் இந்த இரண்டைத்தான். நம் ஊரில் டாக்டர்கள் அதிகம் எழுதுகிற இன்னொன்றும் உண்டு. சின்னப் பிளாஸ்டிக் குப்பியில் தண்ணீர் மாதிரி வருவது. பேசிலஸ் கிளாசி என்ற கிருமியின் விதைகள் அதில் இருக்கின்றன. ஒரு குப்பியில் 200 கோடி!

சரி, இதெல்லாம் நிஜமாகவே பலன் தருகிறதா? இதைக் கேட்காமல் காசு கொடுத்து வாங்கக்கூடாது அல்லவா?

2019-ல் காக்ரேன் என்ற சர்வதேச அமைப்பு, உலகம் முழுவதும் குழந்தைகளிடம் நடந்த 33 பரிசோதனைகளைச் சேர்த்து எடை போட்டுப் பார்த்திருக்கிறது. மொத்தம் 6,352 குழந்தைகள். எல்லாரும் ஆன்டிபயாடிக் சாப்பிட்டவர்கள். கூடவே புரோபயாடிக் சாப்பிடாத நூறு குழந்தைகளில் 19 பேருக்குப் பேதி வந்தது. சாப்பிட்ட நூறு குழந்தைகளில் 8 பேருக்கு வந்தது. தினமும் 500 கோடி அல்லது அதற்கு மேல் கொடுத்தபோது பலன் இன்னும் நன்றாகத் தெரிந்தது.

இந்தக் கணக்கை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்க்க வேண்டும். பேதி பாதிக்கும் மேல் குறைகிறது, அது ஒரு பக்கம். ஆனால் எதுவும் கொடுக்காவிட்டாலும் நூற்றுக்கு 81 குழந்தைகளுக்குப் பேதியே வரவில்லை, அது மறுபக்கம். அதாவது ஏறக்குறைய ஒன்பது குழந்தைகளுக்குக் கொடுத்தால் ஒரு குழந்தைக்குப் பேதி வராமல் தடுக்கலாம். இது கண்கட்டு வித்தை அல்ல. பிரயோஜனமில்லாததும் அல்ல.

இன்னொரு விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் பட்டது. அந்தப் பரிசோதனைகளில் புரோபயாடிக்கை ஆன்டிபயாடிக்கோடு சேர்த்தே கொடுத்தார்கள். வயிறு கெட்ட பிறகு கொடுக்கவில்லை. வந்த பேதியைச் சீக்கிரம் நிறுத்துவதில் பலன் குறைவு. ஏறக்குறைய ஒரு நாள் முன்னதாக நிற்கிறது என்று தெரிகிறது, அதுவும் அவ்வளவு உறுதியில்லை. பெருவெள்ளம் வருமுன் கரையைக் கட்டுவது மாதிரிதான் இது. ஆகவே கேட்க வேண்டியதைச் சீட்டு எழுதுகிற அன்றைக்கே டாக்டரிடம் கேட்டுவிட வேண்டும்.

எங்கள் பேத்திக்கு அந்த முறை பேதி வந்த பிறகுதான் பொடி ஆரம்பித்தோம். கரைசலும் கொடுத்தோம். ஐந்தாவது நாள் குறைந்து, மருந்து முடிந்த மறுநாள் நின்றது. காதும் சுத்தமாகிவிட்டது. 2024 ஆகஸ்டில் மறுபடி ஒரு காது வலி, அதே மருந்து. இந்தத் தடவை டாக்டரம்மா முதல் நாளே பொடியும் சேர்த்து எழுதினார். இரண்டு நாள் லேசாக இளகிப் போனதோடு சரி. ஒரு குழந்தையை வைத்து இது பொடியின் வேலை என்று அடித்துச் சொல்ல முடியாது. பொடி இல்லாமலே அவள் அந்த 81 பேரில் ஒருத்தியாகவும் இருந்திருக்கலாம். ஆனால் அந்த வாரம் முழுக்க மருந்தை நிறுத்தலாமா என்ற பேச்சே வீட்டில் எழவில்லை. 7 நாள் மருந்தும் குழந்தைக்கு முழுசாகப் போய்ச் சேர்ந்தது. எனக்கு அதுவே பெரிய ஆறுதல்.

கொடுக்கிற முறையிலும் சில நுணுக்கங்கள் இருக்கின்றன. பாக்டீரியா வகையாக இருந்தால், ஆன்டிபயாடிக் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்துக் கொடுங்கள். இல்லாவிட்டால் இந்த மருந்தே அந்த மருந்தைத் தின்றுவிடும். ஈஸ்ட் வகையை ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது. கொதிக்கிற பாலிலோ சுடு கஞ்சியிலோ பொடியைக் கலக்காதீர்கள். உயிருள்ள பொருள், வெந்து போய்விடும். ஆறின தண்ணீர், ஆறின பால், மோர் எதிலாவது கலந்து உடனே கொடுத்துவிடுங்கள். பிரிட்ஜில் வைக்கச் சொல்லியிருக்கிறதா, வெளியில் வைக்கச் சொல்லியிருக்கிறதா என்று அட்டையைப் பாருங்கள். காலாவதித் தேதியையும் பாருங்கள். ஆன்டிபயாடிக் உள்ள வரைக்கும் தினமும் கொடுங்கள். அதற்குப் பிறகு எத்தனை நாள் என்பதை டாக்டரைக் கேளுங்கள்.

"நல்லதுதானே, கூடக் கொஞ்ச நாள் இருக்கட்டும்" என்று மாதக்கணக்கில் கொடுக்க வேண்டியதில்லை. 2018-ல் இஸ்ரேல் நாட்டு வைஸ்மன் ஆராய்ச்சி நிலையத்தில் பெரியவர்கள் சிலரிடம் பார்த்தபோது, ஆன்டிபயாடிக்குக்குப் பிறகு புரோபயாடிக் சாப்பிட்டவர்களுக்கு, அவர்களுடைய சொந்தக் குடல் கிருமிகள் திரும்பி வருவது தாமதமானது தெரிந்தது. வந்த விருந்தாளி வீட்டுக்காரர்களுக்கே இடம் விடாத கதை!

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. குறை மாதத்தில் பிறந்த சிசு, எதிர்ப்பு சக்தி குறைந்த குழந்தை, புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் குழந்தை, பெரிய ரத்தக் குழாயில் டியூப் போட்டு ஆஸ்பத்திரியில் இருக்கிற குழந்தை, இவர்களுக்கு நல்ல கிருமியும் ரத்தத்தில் கலந்து கெடுதல் செய்யலாம். குறை மாதச் சிசுக்கள் விஷயத்தில் 2023-ல் அமெரிக்க மருந்து நிர்வாகமே எச்சரிக்கை விட்டது. ஆகவே கடைக்காரரைக் கேட்டு வாங்கிக் கொடுக்கிற சமாசாரம் அல்ல இது.

பெரியவர்கள் பேதியை நிறுத்தப் போட்டுக்கொள்கிற மாத்திரையை உடைத்துக் குழந்தைக்குக் கொடுப்பது அதைவிட ஆபத்து. அது குடலின் ஓட்டத்தையே கட்டிப் போட்டுவிடும். அந்த விஷப் பரீட்சையே வேண்டாம்.

ஆகாரத்தை நிறுத்தவும் வேண்டாம். தாய்ப்பால் குடிக்கிற குழந்தைக்குத் தாய்ப்பாலைக் கூடுதலாகவே கொடுங்கள். மற்றக் குழந்தைகளுக்குக் குழைந்த சாதம், இட்லி, பருப்புச் சாதம், வாழைப்பழம் எல்லாம் கொடுக்கலாம். தயிர்? தாராளமாக. புதிதாக உறைந்த, பிரிட்ஜில் வைக்காத தயிர் ஊற்றிப் பிசைந்த சாதம் வயிற்றுக்கு இதம். பாலைவிடச் சுலபமாக ஜீரணமாகும். "தயிரால சளி கூடாது, சாப்பிட்டா குடுங்க" என்று டாக்டரம்மா சொன்னதைச் சம்பந்தியம்மாவுக்குப் போன் போட்டு அப்படியே சொன்னேன். "டாக்டரே சொல்லிட்டாங்கன்னா சரிங்க. மத்தியானம் மட்டும் குடுங்க, ராத்திரி வேண்டாமுங்க" என்று பாதி சமாதானத்துக்கு வந்தார். பக்கத்து வீட்டு அக்காவிடம், தயிர் ஆகாரம், பொடி மருந்து, இரண்டும் இருக்கட்டும் என்றேன். அவருக்கும் அதில் ஆட்சேபம் இல்லை.

ஒன்று மட்டும் கவனியுங்கள். சிப்ரோபிளாக்சசின், டாக்சிசைக்ளின் போன்ற சில ஆன்டிபயாடிக்குகளோடு பால், தயிர் சேர்ந்தால் மருந்து உடம்பில் சரியாக ஏறாது. பாலில் உள்ள கால்சியம் மருந்தைப் பிடித்துக்கொள்ளும். உங்கள் குழந்தையின் மருந்து அந்த ரகமா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

வீட்டில் பார்த்துக்கொள்ள முடியாத நிலைமை எது என்பதும் தாய்க்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆறு மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் போகவில்லை, அழுதால் கண்ணீர் இல்லை, நாக்கு உலர்ந்திருக்கிறது, கண் உள்ளே போயிருக்கிறது, கைக்குழந்தையின் உச்சிக்குழி அமுங்கியிருக்கிறது, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத்தான் திரும்புகிறது, குழந்தை துவண்டு தூங்கிக்கொண்டே இருக்கிறது, இவற்றில் எது இருந்தாலும் உடனே கிளம்புங்கள். மலத்தில் ரத்தம், நிற்காத வாந்தி, வயிறு உப்புசம், மறுபடி கடும் ஜுரம் இருந்தாலும் அப்படியே. ஆன்டிபயாடிக் நல்ல கிருமிகளை அழித்த இடத்தில் சில சமயம் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற பொல்லாத கிருமி வந்து உட்கார்ந்துகொள்ளும். மருந்து முடிந்து சில வாரங்கள் கழித்துக்கூட அது வேலையைக் காட்டலாம். அதனால் பேதிக்குப் போகும்போது, "போன மாசம் இந்த மருந்து சாப்பிட்டாள்" என்று டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.

இதற்காக ஒரு பழைய நோட்டில் எழுதி வைக்கும் வழக்கம் எனக்கு உண்டு. எத்தனை மணிக்கு என்ன மருந்து, எத்தனை தடவை பேதி, எத்தனை தடவை சிறுநீர், எவ்வளவு கரைசல் உள்ளே போயிற்று, அவ்வளவுதான். அன்று டாக்டரம்மா முதலில் கையில் வாங்கியது அந்த நோட்டைத்தான். "ஆறு தடவை போயிருக்கா, ஆனா நாலு தடவை யூரின் போயிருக்கா. பயமில்லை, வீட்டிலேயே பார்த்துக்கலாம்" என்று அதைப் பார்த்துத்தான் சொன்னார். "நிறைய தடவை போச்சு டாக்டர்" என்று பொதுவாகச் சொன்னால் அவருக்கு என்ன புரியும்?

கடைசியாக ஒன்று. ஆன்டிபயாடிக்கால் வரும் பேதியைத் தடுக்கச் சிறந்த வழி, தேவையில்லாத ஆன்டிபயாடிக்கைக் கொடுக்காமல் இருப்பதுதான். சாதாரணச் சளி, மூக்கொழுகல், பெரும்பாலான இருமல் எல்லாம் வைரஸால் வருபவை. அவற்றை ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது. மாத்திரை அட்டையின் மேல் நெடுக ஒரு சிவப்புக் கோடு போட்டிருந்தால், அதை டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக்கூடாது என்று அர்த்தம். 2016-ல் மத்திய சுகாதார அமைச்சகம் ஜனங்களுக்கு இதை விளம்பரமே செய்தது. போன தடவை மிஞ்சிய சிரப்பையும் எடுத்து வைக்காதீர்கள். தண்ணீர் கலந்த மருந்து எத்தனை நாள் இருக்கும் என்று பாட்டிலில் போட்டிருக்கும். பெரும்பாலும் ஏழு நாள்தான்.

அடுத்த முறை குழந்தைக்கு டாக்டர் ஆன்டிபயாடிக் எழுதும்போது, சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்துவிடாமல் மூன்று கேள்வி கேளுங்கள். இது கட்டாயம் தேவையா டாக்டர்? எத்தனை நாள் கொடுக்க வேண்டும்? கூடவே புரோபயாடிக் வேண்டுமா, வேண்டுமென்றால் எந்த வகை, எவ்வளவு, எந்த வேளையில்? கேட்பதில் கூச்சம் வேண்டாம். எங்கள் டாக்டரம்மா கோபித்துக்கொள்ளவில்லை. சீட்டின் பின்பக்கத்திலேயே வேளைகளை அழகாக எழுதிக் கொடுத்தார். மகள் அதைக் கோயம்புத்தூரில் தன் சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறாள்.